மூளைக் கட்டிக்கு எல்லை எது? எலி சொன்ன பதில்!

ராத்திரியில் கரண்ட் போனதும் குழந்தைகள் ஒரு விளையாட்டு விளையாடும், கவனித்திருக்கிறீர்களா? எரிகிற டார்ச் லைட்டை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். விரலெல்லாம் ரத்தச் சிவப்பாய் ஜொலிக்கும். நீங்களும் செய்து பாருங்கள். உள்ளே எலும்பு தெரிகிறதா? தெரியாது!

சதைக்குள் போன வெளிச்சம் நேராகப் போகாது. பாலில் டார்ச் அடித்த மாதிரி நாலாபக்கமும் சிதறிவிடும். நீலத்தையும் பச்சையையும் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் விழுங்கிவிடும். தப்பித்து வெளியே வருவது சிவப்புதான். அந்தச் சிவப்பை ஒட்டி, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் இருக்கிறதே... அது இன்னும் கொஞ்சம் ஆழம் போகும். அதைப் பிடிக்க ஸ்பெஷல் கேமரா உண்டு.

ஒளிரும் பொருள் ஏதாவது புற்றுநோய் செல்லில் சேர்ந்துவிட்டால் போதும், ரொம்பக் கொஞ்சம் செல் இருந்தால்கூட இந்தக் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எவ்வளவு ஆழத்தில், எந்த மூலையில் என்று கேட்டால் தடுமாறும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இதற்கு நேர் எதிர். பெரிய காந்தத்துக்குள் உடம்பைப் படுக்க வைத்து, ரேடியோ அலை அனுப்பி, உடம்பிலுள்ள தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கள் திருப்பி அனுப்புகிற சமிக்ஞையிலிருந்து படம் போடுகிறது. மண்டையோடு அதற்குத் தடையே இல்லை. ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் இருப்பது 1.5 அல்லது 3 டெஸ்லா காந்தம். அரை கிராம் அளவே உள்ள சுண்டெலி மூளையைப் பார்க்க ஆராய்ச்சிக்கூடங்களில் 7, 9.4 டெஸ்லா காந்தங்கள் வைத்திருக்கிறார்கள்! இடத்தைத் துல்லியமாகச் சொல்லும். ஆனால் நாலைந்து கெட்ட செல்களை மட்டும் தனியே பிரித்துக் காட்டு என்றால் அதனால் முடியாது.

சரி, இரண்டையும் சேர்த்தால்?

மூளைக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். குடலில் கட்டி என்றால் சுற்றிலும் கொஞ்சம் தாராளமாகவே வெட்டலாம். மூளையில் அது நடக்குமா? கூடுதலாக எடுத்தால் பேச்சு போகலாம், கை விளங்காமல் போகலாம். குறைவாக எடுத்தால் மிச்சம் மறுபடி வளரும். கண்ணால் பார்த்தால் கட்டியின் ஓரமும் நல்ல மூளையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. முதல் நாள் எடுத்த எம்.ஆர்.ஐ.யை நம்பி வெட்டலாமே என்றால், மண்டையோட்டைத் திறந்ததும் மூளை லேசாகச் சரிந்து நகர்ந்துவிடுகிறது. படத்தில் இருந்த எல்லை ஓரிடம், நிஜ எல்லை வேறிடம்!

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில், ரால்ஃப் வைஸ்லெடர் குழுவினர் 2003-ல் இதற்கு எலிகளிடம் வழி தேடினார்கள். இரும்பு ஆக்ஸைடு துகள் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதன்மேல் அகச்சிவப்பில் ஒளிரும் சாயத்தை ஏற்றி, மூளையில் கட்டி உள்ள எலியின் ரத்தத்தில் செலுத்தினார்கள். கட்டிப் பகுதியிலிருந்த செல்கள் துகளை விழுங்கி வைத்துக்கொண்டன. இரும்பு இருப்பதால் எம்.ஆர்.ஐ.யில் அந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது. மண்டையைத் திறந்த பிறகு அதே துகளின் சாயம் கேமராவில் ஒளிர்ந்தது. மூளை நகர்ந்தால் என்ன, துகளும் கூடவே நகருமே!

துகள் காட்டுகிற எல்லை சரிதானா? அதையும் சோதித்தார்கள். கட்டி செல்களுக்குள் முன்கூட்டியே பச்சையாக ஒளிரும் புரதத்தின் ஜீனை வைத்திருந்தார்கள். (ஜெல்லி மீனிடம் கற்ற பாடம் இது.) பச்சை காட்டிய எல்லையும் துகள் காட்டிய எல்லையும் ஏறக்குறைய ஒத்துப்போயின.

"எலி பாவமில்லையா?" என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். முன்பெல்லாம் ஒவ்வொரு கட்டத்திலும் சில எலிகளைக் கொன்று அறுத்துப் பார்ப்பார்கள். இப்போது மயக்கம் கொடுத்து, உடம்பு சில்லிட்டுப் போகாமல் சூடு கொடுத்து, அதே எலியைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கலாம். எண்ணிக்கை குறைகிறது. அடியோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எலிக்கு ஒத்துக்கொண்டது நமக்கு அப்படியே வந்துவிடாது. மனிதர்களுக்கு வழக்கத்துக்கு வந்த ஒளி மருந்து வேறு, அமினோலெவுலினிக் அமிலம். ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். நீல வெளிச்சத்தில் கட்டி சிவப்பாக ஒளிரும். ஜெர்மனியில் 270 நோயாளிகளை ஒப்பிட்டு 2006-ல் ஒரு ஆய்வு வெளியானது. மருந்து குடித்தவர்களில் 65 சதவீதத்தினருக்குக் கட்டியை முழுசாக எடுக்க முடிந்தது. குடிக்காதவர்களில் 36 சதவீதம்தான். முழுசாக எடுத்தாச்சு என்று தீர்ப்பு சொன்னது யார் தெரியுமா? ஆபரேஷனுக்குப் பின் எடுத்த எம்.ஆர்.ஐ.! ஆறு மாதம்வரை கட்டி மறுபடி வளராமல் இருந்தவர்கள் 41 சதவீதம். மற்ற பிரிவில் 21. மொத்த ஆயுளில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அதனால் இதை அற்புத மருந்து என்று சொல்ல நான் தயாரில்லை.

இந்த மருந்து குடித்தவருக்குத் தோல் வெளிச்சத்தைத் தாங்காது. ஒரு நாளாவது வெயிலும் பளிச்சென்ற விளக்கும் படக்கூடாது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டால், பேஷன்ட்டுக்குக் காற்று வேண்டாமா என்று மல்லுக்கட்டாதீர்கள்.