ஆளில்லாப் படகும் கீழைக்கரைக் கடலும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்ச் மாதத்தில் மலேசியாவின் கீழைக்கரைத் தீவுகள் திறக்கப்பட்டதும், கிள்ளான் கடலின் சேற்று நீரில் எதுவும் புலப்படாது என்பதை நன்கறிந்த கிள்ளான் பள்ளத்தாக்கின் முக்குளிப்பாளர்கள் வார இறுதிகளில் தியோமானுக்கும் ரெடாங்கிற்கும் மெர்சிங்கிற்கும் புறப்படுவர். இப்போது முன்பணம் கட்டுவோர், தங்கும் அறையைப் பற்றி விசாரிக்குமுன், தாம் நீருக்கடியில் இருக்கையில் படகில் இருக்கப்போவது யார் என்பதைக் கேட்டறிய வேண்டும்.

2022 ஏப்ரல் 6ஆம் நாள் மெர்சிங்கிற்கு அப்பாலுள்ள தோக்கோங் சங்கோல் தீவருகே பயிற்சிக்காக இறங்கிய நால்வர் மேலே வந்தபோது படகு அங்கே இல்லை. பயிற்றுநர் மறுநாளும் வேறிருவர் 9ஆம் நாளும் மீட்கப்பட்டனர். 14 வயதுச் சிறுவன் பிழைக்கவில்லை. அப்படகிற்குப் படகோட்டி ஒருவராவது இருந்தார். நங்கூரத்தை மட்டும் நம்பி ஆளின்றி விடப்படும் படகோ, மிதந்து செல்பவரைத் தேடி வர வழியே இல்லாதது.

மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர் வேகமுள்ள நீரோட்டம் பார்வைக்கு மந்தமானதே. ஆயினும் அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 31 மீட்டர் தூரம் ஆளை நகர்த்துவதால், உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்கும் பாதுகாப்பு நிறுத்தம் முடிவதற்குள் படகு 90 மீட்டருக்கு மேல் விலகிவிடும். உருளையும் உடையும் சுமந்து அந்த ஓட்டத்தை எதிர்த்து நெடுநேரம் நீந்துவது பயின்றவர்க்கும் இயலாது. நங்கூரக் கயிறு குட்டையாக இருந்தாலோ நங்கூரம் மண்ணைக் கவ்வாமல் இழுபட, படகே காற்றின் போக்கில் போய்விடும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் இதனை முன்பே அறிந்திருந்தனர். மூழ்குபவரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சைகை கிடைத்ததும் இழுப்பதற்கென்றே ஒருவர் படகில் அமர்ந்திருந்தார். தமக்கையின் தாலியை மனத்தில் வைத்து மைத்துனரே அக்கயிற்றைப் பிடிப்பார் என்று தென்கடலோரத்தில் சொல்வதுண்டு. அலுமினிய உருளை வந்ததால் அந்த இருக்கை தேவையற்றதாகிவிடவில்லை.

எனவே, விசைப்பொறியை இயக்கத் தெரிந்த ஒருவர் படகில் தங்காவிடில், கட்டணம் வீணானாலும் இறங்காதிருப்பதே முறை. இறங்குமுன்னும் ஏறியபின்னும் பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். தலையை மட்டும் எண்ணினால் பிழை நேரும். நீருக்கடியிலிருந்தே காற்று நிரப்பி மேலனுப்பும் ஆரஞ்சு நிற அடையாள மிதவை, விசில், சிறு கண்ணாடி, கைவிளக்கு ஆகியவற்றை ஒவ்வொருவரும் தம்மிடமே வைத்திருத்தல் வேண்டும். இவற்றைப் பயிற்றுநரின் பொறுப்பென விடுவது சரியன்று. மேலே வந்து படகைக் காணாதவர்கள் அதைத் துரத்தி நீந்தாமல், மிதவைச் சட்டையில் காற்றேற்றி, ஈயப் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒருவரையொருவர் கோத்துக்கொண்டு மிதக்க வேண்டும்.

இறங்குமிடம், திரும்பும் நேரம், படகுப் பதிவெண் ஆகியவற்றைப் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வீட்டிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்து, குறித்த நேரத்திற்குப் பின் ஒரு மணி நேரம் கடந்தும் தகவல் வராவிடில் 999 எண்ணை அழைக்குமாறு முன்கூட்டியே சொல்லிச் செல்ல வேண்டும்.