எண்ணும் முன் இனம் பிரிக்கக் கற்போம்

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் பலர் ஒன்று முதல் இருபது வரை தடையின்றி ஒப்பிப்பர். அதே குழந்தையிடம், "இந்த மூடிகளில் மூன்றை எடுத்துக் கொடு" என்று கேட்டால் கைநிறைய அள்ளித் தந்துவிடும். பெற்றோர் இதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. எண்களின் பெயர்களைச் சொல்வது நாவின் பழக்கம். எண்ணுவது கையும் கண்ணும் மனமும் சேர்ந்து செய்யும் வேலை. இரண்டாவது, முதலாவதைவிடத் தாமதமாகவே வரும்.

வீட்டில் ஒருவர் நோயுற்றாலும், குழந்தையே நோயுற்றாலும், அங்கன்வாடிக்குச் செல்வது தடைப்படுகிறது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் ஆறு சேவைகளுள் முன்பருவக் கல்வியும் ஒன்று. அது தடைப்படும் நாட்களில் என்ன செய்யலாம்? நாளொன்றுக்குப் பத்து நிமிடங்கள் போதும். நோயாளியின் கட்டிலருகே அமர்ந்தபடியே இதைச் செய்யலாம் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

முதற்படி: இனம் பிரித்தல்

கணிதம் எண்ணில் தொடங்குவதில்லை. "இதுவும் இதுவும் ஒன்றுபோல் இருக்கின்றன" என்று காண்பதில் தொடங்குகிறது. பொதட்டூர்பேட்டையில் தறி ஓடும் வீடுகளில் இதற்கான பொருளுக்குப் பஞ்சமில்லை. நூல் தீர்ந்த வெறும் கோன்களைக் குழந்தையிடம் கொடுத்து நிறவாரியாகப் பிரிக்கச் சொல்லலாம். ஓடும் தறியின் அருகில் மட்டும் குழந்தையை அமர்த்தக் கூடாது. தறி இல்லாத வீட்டில் துவைத்த துணிகளே போதும்: பெரியவர் சட்டை ஒருபுறம், சின்னவர் சட்டை மறுபுறம்.

நிறத்தால் பிரித்து முடித்ததும், அதே பொருள்களை அளவால் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரே பொருளை இருவகையாகப் பார்க்க முடியும் என்று அறிவதே இந்தப் படியின் பயன். குழந்தை நீங்கள் நினைக்காத வகையில் பிரித்தால் திருத்தாதீர்கள். "இவற்றை ஏன் சேர்த்து வைத்தாய்?" என்று கேளுங்கள். அதன் விடையில் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்.

இரண்டாம் படி: ஒன்றுக்கு ஒன்று

உணவு நேரத்தில் ஆளுக்கொரு தட்டு வைக்கும் வேலையைக் குழந்தையிடம் விடுங்கள். தட்டு குறைந்தால் குறைவு என்பதும், மிஞ்சினால் மிகுதி என்பதும் தாமே புரியும். திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளை ஆண்டின் நாட்களாகக் கருதி ஏறுவது நம் பகுதியினர் அறிந்த வழக்கம். அடுத்த முறை செல்லும்போது முதல் பத்துப் படிகளில் மட்டும் படிக்கு ஓர் எண்ணாகக் குழந்தையுடன் சேர்ந்து சொல்லி ஏறுங்கள். ஒரு காலடிக்கு ஓர் எண். விடுதலும் கூடாது, இருமுறை சொல்லுதலும் கூடாது.

மூன்றாம் படி: "மொத்தம் எத்தனை?"

ஐந்து கரண்டிகளை எண்ணி முடித்த குழந்தையிடம், "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தைக் குறிக்கும் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். கெல்மன், கேலிஸ்டல் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 1978இல் வெளியிட்ட நூலில், எண்ணுதலின் ஐந்து நெறிகளுள் ஒன்றாக இதைக் கூறினர். கடிந்துகொள்ளாமல் நீங்களே எண்ணி, "நான்கு, ஐந்து. மொத்தம் ஐந்து" என்று சொல்லிக் காட்டுங்கள். நாளடைவில் பிடிபடும்.

எந்த மொழியில் எண்ணுவது?

ஆந்திர எல்லையை ஒட்டிய நம் ஊர்களில் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குழந்தைகள் பலர். பேச்சில் 'ரெண்டு' இரு மொழிக்கும் பொது. 'மூணு' அங்கே 'மூடு' ஆகிறது. இரண்டையும் கலந்து சொன்னால் அது குறையன்று. எளிதாக வரும் மொழியில் எண்ணட்டும். அளவு பற்றிய அறிவு ஒன்றே.

தவிர்க்க வேண்டியவை

வீட்டில் நோயாளி இருந்தால் மாத்திரைகள் கையெட்டும் தூரத்தில் இருக்கும். அவற்றை எண்ணவோ நிறம் பிரிக்கவோ ஒருபோதும் கொடுக்காதீர்கள். மிட்டாய் என்று சொல்லியும் பழக்காதீர்கள். பல்லாங்குழிக்கு உதவும் புளியங்கொட்டை, சோழி, மணி போன்றவை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும். மூத்த குழந்தைகளும் பெரியவர் பார்வையில்தான் அவற்றைக் கையாள வேண்டும். விளையாடும்போது திடீரென இருமலோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால், பிறகு இருமல் அடங்கினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். மூச்சு தடைப்பட்டால் 108ஐ அழையுங்கள்.

எப்போது மருத்துவரிடம் சொல்வது?

ஐந்து வயது நிறையும்போது பெரும்பாலான குழந்தைகள் பத்து வரை எண்ணுவர். அது வரவில்லையென்றால், அல்லது முன்பு தெரிந்ததைக் குழந்தை மறக்கிறதென்றால் காத்திருக்க வேண்டாம். பார்வைக் குறையோ செவிக் குறையோ காரணமாக இருக்கலாம். சிவப்பையும் பச்சையையும் தொடர்ந்து மாற்றி வைக்கும் குழந்தைக்கு, குறிப்பாக ஆண் குழந்தைக்கு, நிறக்குருடு இருக்கக்கூடும். அதைப் பிடிவாதம் என்று எண்ணி அடிக்காதீர்கள். குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வரும் நாளைப் பணியாளரிடம் கேட்டறிந்து, குழந்தையை அன்று தவறாமல் அனுப்புங்கள்.

அடுத்த வீட்டுக் குழந்தை நூறு வரை சொல்கிறதே என்று ஒப்பிட வேண்டாம். நம் குழந்தை இன்று மூன்று கரண்டிகளைச் சரியாக எடுத்துத் தந்ததா? அது போதும். நாளை நான்கு கேட்போம்.