கொலையாளியைத் தேடாதே, தம்பி

அன்புத் தம்பிக்கு,

ஸ்கைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை நேற்று இரவு படித்து முடித்தேன். 2003இல் வந்தது, 2025 மே 5 அன்று மூடப்பட்டது என்பதெல்லாம் நாம் இருவரும் அறிந்த கதை, அதற்குள் போகவில்லை. என்னை எரிச்சலூட்டிய இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, நீ ஒரு கொலைக் கதை எழுதியிருக்கிறாய். ஈபே கழுத்தைப் பிடிக்கிறது, மைக்ரோசாஃப்ட் குத்துகிறது, பெருந்தொற்றுக் காலத்தில் ஜூம் வந்து உயிரை வாங்குகிறது. நடுவில் 2005இல் 260 கோடி டாலர், 2011இல் 850 கோடி டாலர் என்று விலைகள். வாங்கியவர், விற்றவர் எல்லாரும் இருக்கிறார்கள். விற்கப்பட்ட பொருள் எப்படி வேலை செய்தது என்று ஒரு வரிகூட இல்லை. தொழில்நுட்பம் எழுதுகிறவர்கள் மூடியைத் திறக்காமல் விலை பேசுவதை எத்தனையோ காலமாகப் பார்க்கிறேன். இன்னும் எனக்குப் பொறுக்கவில்லை.

திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கஸா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளில் பாட்டுக் கோப்புகளைக் கைமாற்றிக்கொள்ள வழிசெய்த அதே ஆட்கள்தான் ஸ்கைப்பையும் கட்டினார்கள். யார் எங்கே இருக்கிறார் என்ற விவரத்தைச் சுமக்கப் பெரிய சர்வர் கூடம் எதுவும் கிடையாது. நல்ல இணைப்புள்ள பயனர்களின் கணினிகளே, அவர்களுக்குத் தெரியாமலே, சூப்பர்நோடுகளாக மாறி அந்த வேலையைச் செய்தன. ஆள் கூடக் கூட வலையும் பெருத்தது, செலவு கூடவில்லை. கையில் காசில்லாத சிறு குழு உலகம் முழுக்க இலவசமாகப் பேசவைத்தது அப்படித்தான்.

அதே அமைப்புதான் பின்னால் காலை வாரியது. 2007 ஆகஸ்டில் விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு ஏராளமான கணினிகள் ஒரே நேரத்தில் அணைந்து எழுந்தன. எல்லாம் ஒருசேர உள்ளே நுழைய முட்டிமோத, இரண்டு நாள் சேவை படுத்துவிட்டது. 2010 டிசம்பரில் சூப்பர்நோடுகள் கொத்துக்கொத்தாக விழுந்தன. அதற்குள் கைபேசிக் காலம் வந்துவிட்டது. பாக்கெட்டில் தூங்கும் போன் சூப்பர்நோடாக முடியாது. பேட்டரியும் டேட்டாவும் தாங்காது. ஒருவர் அனுப்பிய செய்தி மற்றவரைச் சேர இருவரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்க வேண்டியிருந்தது. 2009இல் வந்த வாட்ஸ்அப்புக்கு இந்தச் சுமை இல்லை: நடுவில் சர்வர், அடையாளத்துக்குத் தொலைபேசி எண். 2012இல் மைக்ரோசாஃப்ட் சூப்பர்நோடுகளைத் தன் சொந்த சர்வர்களுக்கு மாற்றத் தொடங்கியது. ஓடுகிற பேருந்தின் எஞ்சினை மாற்றுகிற வேலை அது. அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே மக்கள் நகர்ந்துவிட்டார்கள்.

பணக்கதைதான் வேண்டும் என்றாலும் மூடியைத் திறக்காமல் அதுகூடப் புரியாது. ஈபே அவ்வளவு கொடுத்தும் அந்த மையத் தொழில்நுட்பத்தின் உரிமை நிறுவனர்கள் ஸென்ஸ்ட்ரோம், ஃப்ரீஸ் இருவரின் ஜோல்டிட் நிறுவனத்திடமே தங்கியிருந்தது. 2009இல் ஈபே விற்கப் போனபோது அது வழக்காக வந்து நின்றது.

அந்த நாட்களில் நான் ஓர் அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கைப்பைத் தடு என்று மேலிடத்து உத்தரவு. யூடிபியை மூடினேன், டிசிபியில் போனது. மற்ற போர்ட்டுகளை அடைத்தேன். இணையப் பக்கங்களுக்காகத் திறந்தே வைக்க வேண்டிய 80, 443 வழியாகப் போனது. சாயங்காலம் கணக்குப் பிரிவு அம்மா மெல்பர்னில் இருக்கும் தன் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டி, "கேட்டுப் பாருங்க சார், பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு" என்றார். ஐஎஸ்டி பூத்தில் மீட்டரைப் பார்த்தபடி கத்திய தலைமுறை நாங்கள். பழைய தொலைபேசி 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் குரலை வெட்டிவிடும். மூச்சும் உரசொலிகளும் அதில் போய்விடும். ஸ்கைப் அந்த எல்லையைத் தாண்டிக் குரலை அனுப்பியது. உன் கட்டுரையில் வீடியோ இருக்கிறது, முகம் இருக்கிறது, காது இல்லை.

இரண்டாவது குறையும் இதோடு சேர்ந்ததுதான். "சுவடின்றி மறைந்தது" என்று முடித்திருக்கிறாய். இது உண்மை அல்ல. ஸ்கைப் 2009இல் வெளியிட்ட சில்க் என்ற ஒலிக்குறிமுறை, செல்ட் என்ற இன்னொன்றோடு சேர்ந்து 2012இல் ஓபஸ் என்ற திறந்த தரமானது. உலாவிகளில் நடக்கும் அழைப்புகளுக்கு இன்று ஓபஸ் கட்டாயம். வாட்ஸ்அப்பின் குரல் செய்திகளும் அதில்தான் போகின்றன. ஸ்கைப்பின் இடத்தைப் பிடித்தவர்களின் தொண்டையில் ஸ்கைப்பின் குரல்தான் ஒலிக்கிறது.

எஸ்டோனியா பத்தியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1991இல் சோவியத்திலிருந்து விடுபட்ட சின்ன நாடு; ஹெய்ன்லா, காசெசாலு, யான் தல்லின் என்று ஸ்கைப்பை எழுதிய சில நிரலாளர்கள்; ஸ்கைப்பின் முதல் ஊழியர் ஹின்ரிகுஸ் பிறகு போய் வைஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. ஒரு மென்பொருள் ஒரு நாட்டுக்குத் தன்னம்பிக்கை கொடுத்ததை இவ்வளவு அழகாகத் தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. நான்கு முறை வாசித்தேன். அந்தக் கை உனக்கு இருப்பதால்தான் மற்ற பக்கங்கள் மேல் இத்தனை கோபம்.

கட்டுரையைத் தூக்கிப் போடாதே. விலைப் பேச்சைப் பாதியாகக் குறை, கடைசிப் பத்தியை வெட்டு, சூப்பர்நோடுக்கு ஒரு பக்கம் கொடு. இனி எந்தச் சேவை மூடப்பட்டாலும், அது எதை நம்பிக் கட்டப்பட்டது, அந்த நம்பிக்கை எப்போது பொய்த்தது என்று முதலில் கேள். மேசைக் கணினி எப்போதும் விழித்திருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்டது ஸ்கைப். கணினியை விட்டு மக்கள் எழுந்து போன வருடங்களில்தான் அதன் வீழ்ச்சி இருக்கிறது. அங்கிருந்து தொடங்கி எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்