ஒரு தாளில் நம் தகுதி

வைகைக் கரையில் விளங்கும் மதுரை மாநகரில் சங்கப் பலகை ஒன்று இருந்தது என்றும், தகுதியுடைய புலவர்க்கு மட்டுமே அஃது இடம் தந்தது என்றும் பழங்கதை ஒன்று வழங்கி வருகிறது. கதையில் வரும் அப்பலகையை இன்று நாம் காண இயலாது. ஆயினும், தகுதியை ஆராய்ந்து இடமளிக்கும் வழக்கம் மறைந்துவிடவில்லை. கல்வி முடித்த இளைஞர் ஒருவர் வேலை வேண்டி ஒரு நிறுவனத்திற்கு விண்ணப்பிக்கும்போது, அவருக்கு முன்னே செல்வது ஒரு தாள். அத்தாளுக்குத் தன்விவரக் குறிப்பு என்பது பெயர்.

மதுரையில் 1966ஆம் ஆண்டு ஒரு பல்கலைக்கழகம் தோன்றியது. 1978 முதல் அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. திருப்பரங்குன்றத்தை அடுத்துத் தியாகராசர் மேலாண்மைப் பள்ளி அமைந்துள்ளது. இத்தகைய நிலையங்களில் வணிக மேலாண்மை பயின்று பட்டம் பெறுவோர் பலர். கணக்கு, விற்பனை, பணியாளரை நடத்தும் முறை ஆகியவற்றை அவர்கள் கற்கின்றனர். பட்டம் எல்லார்க்கும் ஒன்றே. பாடங்களும் ஏறக்குறைய ஒன்றே. அங்ஙனமாயின், ஒருவரை மற்றவரினின்றும் வேறுபடுத்திக் காட்டுவது யாது? அதனைச் சொல்ல வேண்டியதே தன்விவரக் குறிப்பின் கடமை.

மதுரையை அடுத்த உசிலம்பட்டிப் பகுதியில் மல்லிகை பயிரிடும் உழவர் ஒருவரின் மகன், மேலாண்மைக் கல்வியின் இறுதியாண்டில் பயில்வதாகக் கொள்வோம். அவன் தன் குறிப்பை எழுதி ஆசிரியரிடம் காட்டினான். “கடும் உழைப்பாளி, தலைமைப் பண்பு மிக்கவன், குழுவுடன் இணைந்து செயலாற்ற வல்லவன்” என்று அதில் எழுதியிருந்தான்.

ஆசிரியர் அதனைப் படித்துவிட்டு, “தம்பி, உன் வகுப்பில் உள்ள அனைவரும் இச்சொற்களையே எழுதியிருக்கின்றனர். இவற்றுள் உனக்கே உரியது எது? விடுமுறை நாள்களில் வீட்டில் என்ன செய்கிறாய்?” என்று வினவினார்.

“பூந்தோட்டத்துக் கணக்கை நான்தான் எழுதி வருகிறேன், ஐயா. ஆனால், அது குடும்ப வேலைதானே! அதை இதில் எழுதலாமா?”

“அதைத்தான் எழுத வேண்டும்” என்றார் ஆசிரியர்.

அவர் அவ்வாறு கூறியதற்குக் காரணம் உண்டு. 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, மணத்தால் புகழ் பெற்றது. வணிகத்திலோ நுட்பம் மிக்கது. அரும்பு மலருமுன் வைகறையிலேயே பறித்தல் வேண்டும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் காலந்தாழ்ந்து சென்றால் விலை குறையும். முகூர்த்த நாள்களில் விலை ஏறும். பனி மிகுந்த மார்கழியில் விளைச்சல் சுருங்க, விலை மேலும் உயரும். கோடையில் பூ பெருகும்போது விலை வீழும். அப்போது மிகுதிப் பூ, நறுமணப் பொருள் செய்யும் தொழிற்சாலைகளுக்குச் செல்லும். இவற்றையெல்லாம் கருத்திற்கொண்டு கணக்கு எழுதுவது எளிய செயலன்று.

மாணவன் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினான். “அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டத்தின் வரவு செலவை மூன்றாண்டுகள் நாள்தோறும் எழுதினேன். பூப்பறிக்கும் ஆறு பேருக்கு வாரந்தோறும் கூலி கணக்கிட்டு வழங்கினேன். விலை வீழும் நாள்களைக் கணக்கேட்டினின்றும் கண்டறிந்து, மிகுதிப் பூவைத் தொழிற்சாலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தேன்.” இம்மூன்று தொடர்களிலும் புகழ்ச்சொல் ஒன்றேனும் இல்லை. ஆயினும், உழைப்பும் பொறுப்பும் முன்னறிவும் அவற்றில் தாமே விளங்குகின்றன அல்லவா?

செய்தவற்றைச் சொன்னால் மட்டும் போதாது. படிப்பவருக்கு வேண்டியதை முதலில் சொல்லவும் வேண்டும். இதற்கு இத்தாலி நாட்டு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. ஓவியப் பேரறிஞர் லியனார்டோ டா வின்சி, 1482ஆம் ஆண்டளவில், மிலான் நகரை ஆண்ட லுடோவிக்கோ சுபோர்சாவிடம் பணி வேண்டி ஒரு மடல் வரைந்தார். போர்க்காலத்தில் எளிதில் எடுத்துச் செல்லத்தக்க பாலங்கள், கோட்டையைத் தாக்கும் கருவிகள் முதலியவற்றையே அவர் முதலில் வரிசைப்படுத்தினார். ஓவியம் தீட்டும் திறமையை இறுதியிலேதான் குறித்தார். அவ்வரசருக்கு அன்று வேண்டியது யாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆதலின், தன்விவரக் குறிப்பு எழுதுவோர் விளம்பரத்தை நன்கு படித்து, அவ்வேலைக்குப் பொருந்தும் தகுதியை முன்னே வைத்தல் வேண்டும். இக்காலத்தில் பல நிறுவனங்கள் விண்ணப்பங்களை முதலில் கணினியைக் கொண்டு பிரிக்கின்றன. எனவே, விளம்பரத்தில் உள்ள சொற்கள் நமக்கு உண்மையிலேயே பொருந்துமாயின், அச்சொற்களையே ஆளுதல் நன்று. அண்மையில் செய்தது முதலிலும், முன்னர்ச் செய்தது பின்னரும் வருதல் வேண்டும். புதிதாகப் பட்டம் பெற்றவர்க்கு ஒரு பக்கமே போதும். எழுத்துப் பிழை ஒன்றும் இருத்தலாகாது. நம்மைப் பற்றிச் சான்று கூறுவோர் பெயரை அவர்தம் இசைவு பெற்ற பின்னரே குறித்தல் முறை.

இவை யாவற்றினும் தலையாயது வாய்மை. நாம் மேலே கூறிய மாணவன், தந்தையார் நோயுற்றமையால் ஓராண்டு படிப்பை நிறுத்தித் தோட்டத்தைக் கவனித்தவன். அவ்வோராண்டை மறைக்க எண்ணி, ஆண்டுகளை மாற்றி எழுத முற்பட்டான். ஆசிரியர் அதனைத் தடுத்தார். “மறைத்த ஆண்டு உன்னை அஞ்சச் செய்யும், உள்ளவாறு எழுதிய ஆண்டு உனக்குத் துணை நிற்கும்” என்றார். நேர்காணலில் குழுவினர் அவ்வோராண்டைப் பற்றியே வினவினர். நடந்ததை நடந்தவாறு கூறுவதற்கு அவனுக்குத் தயக்கம் ஏற்படவில்லை. பொய் எழுதியிருந்தால், சான்றிதழ்களை ஒப்பு நோக்கும்போது அது வெளிப்பட்டிருக்கும். கிடைத்த வேலையும் நிலைத்திராது.

மாணவர்களே! தன்விவரக் குறிப்பு ஓரிரவில் எழுதி முடிப்பதுபோல் தோன்றினும், அதில் இடம்பெறும் செய்திகள் பல ஆண்டுகளில் உருவாகின்றன. இன்று பள்ளித் தோட்டத்தில் நீங்கள் நட்ட செடியும், நூலகத்தில் அடுக்கிய நூல்களும், பெற்றோர் கடையில் எழுதிய கணக்கும் நாளை அத்தாளில் ஏறத்தக்கவையே. செய்த பணியைச் சிறியதென்று இகழாது, நாளுடனும் அளவுடனும் குறித்து வாருங்கள். செய்யாததை எழுத ஒருநாளும் துணியாதீர்கள். அவ்வாறு வாழ்ந்தவர்க்கு அத்தாளை நிரப்புதல் அரிதன்று. அதனைப் பிறர்முன் வைத்து நிமிர்ந்து நிற்றலும் அரிதன்று.