பத்து நாள் காத்திருப்பது ஏன்?

மயிலாப்பூரிலிருந்து ஒருவர் கென்யாவுக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் மருத்துவரின் யோசனை கேட்டு, கிண்டி கிங் ஆய்வு நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் சான்றிதழ் 10 நாள் கழித்தே செல்லுபடியாகும். ஏன் தெரியுமா?

1930களில் மாக்ஸ் தைலர் உருவாக்கிய இம்மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, உயிருள்ள வைரஸ். அதை எதிர்க்கும் பொருள்களை உடல் போதிய அளவு உண்டாக்க அத்தனை நாள் பிடிக்கிறது. மருந்து கோழி முட்டைக் கருவில் தயாராவதால், முட்டை ஒவ்வாதவர்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவில் இந்நோய் இல்லை. எனினும் இதைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே வளர்கிறது. பயணி நோயுடன் திரும்பினால் ஊரெங்கும் பரவிவிடலாம். ஆப்பிரிக்காவின் நோயுள்ள நாடுகளிலிருந்து சான்றிதழின்றி வருவோரை 6 நாள் வரை தனியே வைத்துக் கவனிப்பது இதனால்தான்.