முழங்காற் காயமும் மருத்துவக் குறிப்பும்

முதல் நாள் மாலை மழை பெய்து ஓய்ந்திருக்கும். மறுநாட் காலை மரம் வெட்டிப் பாலெடுத்து, வாளியுடன் மேட்டு நிரையிலிருந்து இறங்குகிறார் ஒரு தொழிலாளி. பாதம் சேற்றில் பதிந்து நிற்க, உடல் மட்டும் திரும்பிவிடுகிறது. முழங்காலுக்குள் 'படக்' என்று ஓர் ஓசை கேட்கிறது. சிலிம் ரிவர் வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்வோருக்கு இது புதிய காட்சியன்று. அங்கிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனையாக மாறிவிட்டன. எனினும் பால் சுமப்போருக்கும் குலை சுமப்போருக்கும் முழங்கால் ஒன்றே.

அத்தொழிலாளி அன்று யாரிடம் செல்கிறார், அங்கே என்ன சொல்கிறார் என்பவை அவருடைய காலை மட்டுமின்றி, அவர் குடும்பத்தின் வருமானத்தையும் தொடுபவை. அதுபற்றி இங்கே ஆராய்வோம்.

முழங்காலின் நான்கு நார்கள்

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்புகளையும் பிணைத்து நிற்பவை முக்கியமான நான்கு தசைநார்கள். உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. மூட்டின் நடுவே சிலுவைபோல் குறுக்கிட்டுக் கிடப்பவை இரண்டு. இவற்றுக்கு நேரும் காயத்தை மருத்துவர் மூன்று நிலைகளாகப் பிரிப்பர். நார் இழுபட்டுச் சிறிது சேதமுறுவது முதல் நிலை. ஒரு பகுதி கிழிவது இரண்டாம் நிலை. முற்றும் அறுந்துபோவது மூன்றாம் நிலை. நார் அறுந்த பின்னரும் சிலரால் நடக்க முடியும். ஆகவே, "நடக்க முடிகிறதே" என்று காயத்தை எளிதாக எண்ணிவிடலாகாது.

விழுந்த சில மணி நேரத்திற்குள் மூட்டு வீங்குமாயின், உள்ளே இரத்தம் கசிந்திருக்கக்கூடும். காலுக்கு ஓய்வு கொடுத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, அளவான இறுக்கத்துடன் கட்டுப்போட்டு, காலை உயர்த்தி வைத்தல் வேண்டும். நம்மவரில் பலர் எண்ணெய் தடவிச் சுளுக்கு வழிப்பவரையே முதலில் நாடுகின்றனர். புதிய காயத்தை உருவுவது வீக்கத்தை மிகுவிக்கும். மேலும், ஒரு வாரம் கடந்தபின் மருத்துவமனைக்குச் செல்வோரின் ஏட்டில் விபத்து நடந்த அன்றைய குறிப்பு இராது.

நோய்க்கும் ஓர் எண்

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் வெளியேறியபின், அவருடைய நோய்க்கு ஓர் எண் இடப்படுகிறது. இதற்கென உலகப் பொதுப் பட்டியல் ஒன்று உண்டு. 1893-இல் ஜாக் பெர்டிலோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் தொகுத்த மரணக் காரணப் பட்டியலே அதன் தொடக்கம். 1948-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதனை ஏற்று நடத்தலாயிற்று. உயிர் போக்காத நோய்களும் காயங்களும் அப்போது அதில் இடம்பெற்றன. அதன் பத்தாம் திருத்தம் 1990-இல் ஏற்கப்பட்டது. பதினொன்றாம் திருத்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உலக நாடுகள் படிப்படியாக அதற்கு மாறி வருகின்றன.

நம் நாட்டு மருத்துவமனைகளில் நெடுநாள் வழங்கிவரும் பத்தாம் திருத்தத்தில், முழங்கால் மூட்டிலும் தசைநாரிலும் புதிதாக நேரும் காயங்கள் 'எஸ் 83' என்னும் பிரிவில் அடங்கும். பக்கவாட்டு நாராயின் எஸ் 83.4, நடுவிலுள்ள குறுக்கு நாராயின் எஸ் 83.5, எந்த நார் என்று குறிக்கப்படாவிடில் எஸ் 83.6. எங்கே, எவ்வாறு விழுந்தார் என்பதற்கும் தனிக் குறியீடு உண்டு. சமதரையில் வழுக்கியோ தடுக்கியோ விழுவது 'டபிள்யூ 01'. பயிர் நிலத்தில் விழுந்தார் என்பதற்கும், ஊதியத்திற்கு வேலை செய்கையில் விழுந்தார் என்பதற்கும்கூட அப்பட்டியலில் எண்கள் உள.

எண்ணிடுவோர் மருத்துவர் எழுதியதைப் பார்த்தே எண்ணிடுவர். எழுதாததை ஊகித்துச் சேர்க்கலாகாது. மருத்துவரோ, பரிசோதனையில் கண்டதோடு நாம் சொல்வதையும் கேட்டே எழுதுகிறார்.

இரண்டு தொழிலாளர்கள்

ஒரே வகையான காயம் பட்ட இருவரை எண்ணிப் பார்ப்போம். முதலாமவர் பத்து நாள் கழித்துச் சென்று, "முட்டி வலிக்கிறது" என்று மட்டும் சொல்கிறார். ஏட்டில் 'மூட்டு வலி' என்று பதிவாகிறது. அது 'எம்' என்னும் எழுத்தில் தொடங்கும் எலும்பு, தசை நோய்களின் வரிசையைச் சேர்ந்தது. விபத்து என்பதற்கு அதில் இடமில்லை. இரண்டாமவர் அன்றே சென்று, "காலை ஒன்பது மணிக்கு, வேலையின்போது, நிரையில் வழுக்கி வலது முழங்கால் திரும்பிவிட்டது" என்கிறார். அவருடைய ஏட்டில் காயம், காரணம், இடம், நேரம் நான்கும் அமைந்துவிடுகின்றன. ஓராண்டுக்குப்பின் மூட்டு நிலைகொள்ளாமல் மடங்குமாயின், இன்றைய துன்பத்தை அன்றைய விபத்துடன் இணைத்துக் காட்ட அக்குறிப்பே துணை நிற்கும்.

நாம் சொல்ல வேண்டியவை

1. எந்தக் கால் என்பது. மேற்சொன்ன எண்கள் இடமா வலமா என்று காட்டுவதில்லை. ஆகவே அது மருத்துவரின் குறிப்பில் இருத்தல் வேண்டும்.

2. விபத்து நடந்த நாள், நேரம், இடம்.

3. கால் எவ்வாறு திரும்பிற்று, ஓசை கேட்டதா, வீக்கம் எப்போது தொடங்கிற்று என்பன.

4. செய்துகொண்டிருந்த வேலை.

5. அதே காலில் முன்னர்க் காயம் பட்டதுண்டா என்பது.

சிலிம் ரிவர் மருத்துவமனையிலாயினும் வேறெங்காயினும், மலாயில் விளக்கத் தயங்கிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோர் உளர். முழங்கால் 'லுத்துட்', வலது 'கானான்', இடது 'கிரி', வேலையின்போது 'செமாசா பெகெர்ஜா'. இச்சொற்களை அறிந்திருப்பது நன்று. மருத்துவ விடுப்புச் சான்றிதழின் நகலையும் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

சொக்சோ பாதுகாப்பு

1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், சொக்சோ நிறுவனம் 1971-இல் தொடங்கப்பட்டது. வேலையிடத்து விபத்துடன், வீட்டிற்கும் வேலையிடத்திற்கும் இடையே செல்கையில் நேரும் விபத்தும் இதில் அடங்கும். விபத்து நாள் உட்பட நான்கு நாளுக்குக் குறையாமல் மருத்துவ விடுப்பு வழங்கப்படின், தற்காலிக இயலாமைக்கான உதவித்தொகை கோரலாம். அது சராசரி நாட்சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு. விபத்தை அறிந்த 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. அவர் அறிய வேண்டுமாயின், நாம் அன்றே கங்காணியிடமோ அலுவலகத்திலோ சொல்லியாக வேண்டும். கால் முழுமையாகக் குணமடையாவிடில் நிரந்தர இயலாமையை மருத்துவ வாரியம் மதிப்பிடும்.

உண்மையை முழுமையாகச் சொல்லுதல் வேண்டும் என்பதும் நினைவிற்குரியது. மாலைப் பந்தாட்டத்தில் பட்ட காயத்தை வேலைக் காயமென்று கூறுவது குற்றமாகும். அது மெய்யாகவே காயம்பட்ட பிற தொழிலாளரின் சொல்லையும் ஐயத்திற்கு உள்ளாக்கிவிடும்.

காயம் ஆறியபின்னும் ஏடு நிலைத்திருக்கும். அதில் எழுதப்படுவது சரியாக அமையும்படி, நடந்ததை நடந்தவாறே அன்றே எடுத்துரைப்போமாக.