நகரில் பயணம் செய்வோம்

தோட்டத்தில் நாம் பள்ளிக்கும் கோயிலுக்கும் கடைக்கும் நடந்தே செல்கிறோம். பரந்த நகரத்தில் அஃது இயலாது. நாளை மேற்படிப்புக்கும் வேலைக்கும் நகரம் செல்லவிருக்கும் நீங்கள், அங்குள்ள ஊர்திகளை இன்றே அறிந்துகொள்ளுதல் நலம்.

நம் தலைநகராகிய கோலாலம்பூரில் 1975 முதல் 1998 வரை மினி பஸ்கள் ஓடின. நான் இளைஞனாக அங்குச் சென்ற முதல் நாள், எண்ணைப் பாராமல் ஒன்றில் ஏறிவிட்டேன். வழி தவறியதை உணர்ந்தும் எவரையும் கேட்க வெட்கப்பட்டேன். கடைசி நிறுத்தம் வரை சென்று, இருட்டிய பின்னரே விடுதி திரும்பினேன்.

1995இல் கொமுட்டர் மின்ரயிலும், 1996இல் எல்.ஆர்.டி. எனும் இலகு ரயிலும் வந்தன. 2003இல் மோனோரயில் தெருக்களுக்கு மேலே ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடத் தொடங்கியது. 2016இல் தொடங்கிய எம்.ஆர்.டி. ரயிலோ நகர நடுவில் சுரங்கத்தின் வழியே செல்கிறது. அதனை ஓட்டுநரின்றிக் கணினியே இயக்குகிறது.

நாற்பது பேர் நாற்பது கார்களில் சென்றால் சாலை அடைபடும். அவர்களே ஒரு பேருந்தில் சென்றால் நெரிசல் குறையும். புகையும் செலவும் குறையும். பொது ஊர்திகளின் பயன் இதுவே.

ஆகவே, ஏறுமுன் வண்டி செல்லும் இடத்தைப் படித்தறியுங்கள். வரிசையில் நில்லுங்கள். இறங்குவோருக்கு முதலில் வழிவிடுங்கள். முதியோருக்கு இருக்கை கொடுங்கள். ஐயம் எழுந்தால் தயங்காது கேளுங்கள். கேட்பது இழிவன்று; கேளாமல் அலைவதே துன்பம்.